எண்ணைக் கையால் போடாதீங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கும் வாரம் வந்தாலே எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஒரே கதைதான். நாலு பேர் டீம், ஆளுக்கு ஒன்றிரண்டு சாப்டர். நாலு ஃபைலும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். யாருடைய லேப்டாப் ஹேங் ஆகாதோ அவர் தலையில், "மச்சி, நீயே மெர்ஜ் பண்ணிடு" என்று கட்டிவிடுவோம். மார்ஜின், ஃபாண்ட், பக்க எண் எல்லாம் பார்ப்போம். அடிக்குறிப்பையும் ரெஃபரன்ஸையும் மட்டும் பார்க்க மாட்டோம்.

நாலு பேரும் அவரவர் ஃபைலில் 1 என்றுதான் ஆரம்பிக்கிறோம். சேர்த்ததும் ஒரே ரிப்போர்ட்டில் நாலு '1'. சரி, மாற்றிடலாம் என்று ஃபைண்ட்-ரீப்ளேஸில் இறங்கினால் இன்னும் மோசம். 1-ஐ 2 ஆக்கி, பிறகு 2-ஐ 3 ஆக்கிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாமே ஒரே எண்தான்! எப்படியோ சமாளித்து முடித்தால், "செகண்ட் சாப்டர்ல இன்னொரு பேப்பர் சேருப்பா" என்பார் கைடு. ஐ-ட்ரிபிள்-இ முறையில் முதலில் வரும் வரிசைப்படிதான் எண். நடுவில் ஒன்று நுழைந்தால் பின்னால் உள்ளதெல்லாம் நகரணும்.

"அட, ரெஃபரன்ஸை யாருப்பா படிக்கிறா?" என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் உங்க ஜூனியர் படிப்பான். நீங்கள் எடுத்த ஒரு அளவை அவனும் எடுக்க நினைத்து, அதன் மூலத்தைத் தேடிப் போவான். அங்கே சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை இருக்கும். எண் ஒன்று தள்ளிப் போனால் உழைத்தவரின் பெயர் போய்விடுகிறது. சொல்லாத ஒருவர் சொன்னதாகவும் ஆகிவிடுகிறது. யுஜிசி-யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண் மட்டும் நமக்கு மனப்பாடம். ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு 7 என்பது சரியான கட்டுரையைக் காட்டுகிறதா என்று தெரியாது. அது நம்ம பொறுப்பு.

என் கருத்து இதுதான்: பெயர் வைப்பது நம்ம வேலை, எண் போடுவது கம்ப்யூட்டரின் வேலை.

வேர்டில் எழுதுகிறவர்கள் சூப்பர்ஸ்கிரிப்ட்டில் எண் டைப் பண்ணுவதை விட்டுவிட்டு 'இன்சர்ட் ஃபுட்நோட்' பயன்படுத்துங்கள். அப்படிப் போட்ட குறிப்புகள் காப்பி-பேஸ்ட் பண்ணும்போது கூடவே வரும், எண்ணும் தானாக மாறும். ஒரு குறிப்பை நீக்கணும்னா பக்கத்தின் அடியில் அழிக்காதீங்க; பத்தியில் இருக்கும் எண்ணை அழியுங்கள்.

மார்க்டவுனில் எழுதி பாண்டாக் வழியாகச் சேர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். அது எல்லா ஃபைலையும் ஒட்டி ஒரே ஃபைலாகத்தான் படிக்கும். இரண்டு ஃபைலிலும் [^1] இருந்தால் இரண்டும் மோதும். ஃபைல்-ஸ்கோப் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கும். அதைவிட நல்லது, 1, 2 என்று வைக்காமல் [^சர்வே-சென்சார்], [^டெஸ்ட்-பேட்டரி] என்று சாப்டர் பெயரோடு வைப்பது. பார்த்ததுமே எது எதற்கு என்று புரியும். வெளியீட்டில் எப்படியும் 1, 2, 3 என்றுதான் வரும்.

லாடெக் ஆட்களுக்குக் கவலை குறைவு. ரெஃபரன்ஸுக்குப் பெயர் வைத்தால் எண்ணைப் பார்த்துக்கொள்ளும் பிப்டெக் 1985-லேயே வந்துவிட்டது. அதாவது நாம் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோன பிரச்சினைக்குத்தான் இன்னும் ராத்திரி கண் விழிக்கிறோம்!

"வேலையே முடியல, இப்போ இதெல்லாம் எதுக்கு?" என்பது நியாயமான கேள்விதான். அதனால்தான் கடைசி வாரத்தில் செய்யாதீங்க என்கிறேன். முதல் ரிவ்யூவுக்கு முன்னாடியே டீமாக உட்கார்ந்து, எதில் எழுதுவது, குறிப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று முடிவு பண்ணுங்கள். ஸோட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் எல்லாரும் ஒரே ரெஃபரன்ஸ் தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

எல்லாம் சேர்த்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. எண் சரியாக இருப்பதால் மட்டும் குறிப்பு சரி என்று ஆகாது. சாப்டருக்கு இரண்டு குறிப்பை எடுத்து, அது காட்டும் கட்டுரையைத் திறந்து, நீங்கள் எழுதியது நிஜமாகவே அதில் இருக்கா என்று பாருங்கள். மெர்ஜ் பண்ணினவர் மட்டும் இல்லை, நாலு பேரும். அட்டையில் நாலு பேர் பெயரும்தானே இருக்கு?