சக்கரம் எதற்காக?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏதேனும் ஒரு தேநீர்க்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பழைய கார் ஒன்றை வாங்கிய நம் இளைஞர் முதலில் மாற்றுவது எஞ்சினையன்று, பிரேக்கையன்று, சக்கரத்தைத்தான். பதினான்கு அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் பதினேழு அங்குலம் பளபளக்கிறது. 'வண்டிக்கு ஒரு களை வந்துவிட்டது' என்று நண்பர்கள் பாராட்டுகிறார்கள். களை வந்தது உண்மைதான். அந்தக் களைக்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை நம் கல்லூரி மலரில் எழுப்புவது தகும் என்று எண்ணுகிறேன்.

ஆங்கிலேயர் நம் கோயில் தேரையும் 'கார்' என்றே எழுதினார்கள். ஆகவே நம் ஊரின் மிகப் பெரிய காரிலிருந்தே தொடங்குவோம்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் பவனி வரும் தேருக்கு முன்காலத்தில் ஒன்பது மரச்சக்கரங்கள், ஒன்பது வடங்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புறப்பட்ட தேர் நிலைக்குத் திரும்பப் பல நாட்கள் ஆகுமாம். இன்று இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டு, புறப்பட்ட நாளிலேயே தேர் நிலை சேர்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது? வடம் பிடிப்போரின் பக்தி குறைந்து விடவுமில்லை, கூடி விடவுமில்லை. மாறியது சக்கரமும் அச்சும்தான்.

மர அச்சில் மரச்சக்கரம் உராய்ந்து சுழன்றபோது வடம் இழுப்போரின் வலிமையில் பெரும்பகுதி அந்த உராய்விலேயே கரைந்தது. மேலும் ஒன்பது சக்கரங்கள் இருந்தால் ஒன்பதும் சமமாகப் பளுவைத் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. தெரு சமமாக இல்லாதபோது சில சக்கரங்கள் அந்தரத்தில் நிற்க, மற்றவை தரையில் புதையும். இதைவிடப் பெரிய தொல்லை தெருமுனை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் முன் சறுக்குக்கட்டையைக் கொடுத்துத்தான் அதைத் திருப்ப வேண்டும். அப்போது எல்லாச் சக்கரங்களும் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கின்றன. சக்கரம் எத்தனை கூடுதலோ அத்தனை கூடுதலாக இழுபறி. கட்டை கொடுப்பவரும் பின்னாலிருந்து தடி போடுபவரும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று வேலை செய்கிறார்கள். பிரேக் இல்லாத காலத்தில் அவர்களுடைய காலும் கையும் எந்த நம்பிக்கையில் அங்கே இருந்தன என்று நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது.

நெடுநாள் ஓடாது நின்றிருந்த திருவாரூர் ஆழித்தேர் 1970-இல் மீண்டும் ஓடியதும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களின் துணையால்தான்.

'மரச்சக்கரத்தின் அழகு இரும்பில் வருமா?' என்று கேட்கும் பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேர்த்தட்டில் அத்தனை மரச் சிற்பங்கள் இருக்க, அவற்றின் கீழே இரும்பு வட்டம் ஒட்டாமல்தான் தெரிகிறது. ஆயினும் ஓடாத தேரின் அழகு எவருக்குப் பயன்படும்? ரத வீதியில் தகரக் கொட்டகைக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும் தேர்களை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவற்றின் சிற்பங்களில் வௌவால்கள்தாம் குடியிருக்கின்றன.

இனி நம் சிறிய காருக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டும் தமிழ்த்துறை நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள கல் ஒன்று வழியில் கிடக்கிறது. எழுபத்தைந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள மாட்டுவண்டிச் சக்கரம் அதில் ஏற, சக்கரத்தின் மேலுள்ள பளுவில் ஏறத்தாழ 38 விழுக்காடு விசை போதும். இருபத்தேழு சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு கார்ச் சக்கரத்துக்கோ 71 விழுக்காடு வேண்டும். டயரின் காற்று கல்லை உள்வாங்கிக் கொள்வதால் காரில் இந்த அளவுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் பெரிய சக்கரம் மேடு பள்ளத்தில் எளிதாக உருளும் என்பது நம் வண்டிக்காரர்கள் என்றோ கண்ட உண்மை. கரிசல் காட்டு வண்டியின் சக்கரம் ஆள் மார்பளவு இருந்தது அழகுக்காக அன்று.

'அப்படியானால் பெரிய சக்கரம் நல்லதுதானே?' என்று நண்பர்கள் மடக்கலாம். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் 'பெரிய சக்கரம்' என்று விற்கப்படுவது பெரிய உலோக வளையமே. டயரின் வெளி விட்டம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்று எழுதியிருந்தால் அதன் வெளி விட்டம் கணக்குப்படி 620 மில்லிமீட்டர். 195/55 ஆர் 16 என்ற டயருக்கு 621. ஆக, உருளும் வட்டம் ஒன்றேதான். குறைந்தது டயரின் பக்கச் சுவர். முன்னதில் 132 மில்லிமீட்டர் இருந்த காற்று மெத்தை பின்னதில் 107 ஆகிவிட்டது. வழவழப்பான நெடுஞ்சாலையில் மெலிந்த சுவர் வளைவுகளில் தளராமல் நிற்கும், வண்டி சொன்னபடி கேட்கும். இந்த நன்மையை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நம் தெருக்களின் குழியில் அந்த மெத்தைதான் உலோக வளையத்தைக் காத்து வந்தது.

அடுத்தது எடை. அலுமினியம் இரும்பைவிட இலேசானது என்பதால் அலாய் சக்கரமும் இலேசாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வலிமைக்காக அதைத் தடிமனாக வார்க்கிறார்கள். அளவும் கூடிவிட்டால் பழைய இரும்புச் சக்கரத்தைவிடக் கனத்து விடுவதுண்டு. சக்கரத்தின் எடை மற்ற எடையைப் போன்றதன்று. அது முன்னேயும் ஓட வேண்டும், தன்னையும் சுற்றிக்கொள்ள வேண்டும். விளிம்பில் கூடும் ஒரு கிலோவை வேகப்படுத்த, வண்டிக்குள் ஏற்றிய இரண்டு கிலோவுக்கு ஆகும் விசை தேவை. பிரேக் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான்.

என் தாய்மாமன் ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். 'சவாரி கேட்டு வருகிறவன் வண்டியின் காலைத்தான் மாப்பிள்ளை முதலில் பார்க்கிறான்' என்பது அவருடைய வாதம். வட்டிக்குக் கடன் வாங்கி, பதினான்கு அங்குலத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குலம் மாட்டினார். இரண்டையும் டயரோடு பஞ்சுத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தோம். பழையது 14 கிலோ, புதியது 19 கிலோ. நான்குக்கும் சேர்த்து இருபது கிலோ கூடுதல். வேகமெடுக்கும்போது அது முப்பத்தைந்து கிலோவைப் போல இழுக்கும். தொள்ளாயிரம் கிலோ வண்டிக்கு இது பெரிய சுமையில்லை என்று மாமா சொன்னார். இந்த இடத்தில் அவர் சொன்னது சரியே. எஞ்சினுக்கு அது பெரிதில்லை. ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும்தான் பெரிது. அவற்றின் கீழே தொங்கும் சக்கரத்தின் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. குழியில் இறங்கிய கனத்த சக்கரம் உடனே திரும்பித் தரையைப் பற்றாது. தரையைப் பற்றாத அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருந்தும் பயனில்லை.

செங்கோட்டை தாண்டிப் புளியரை மலையேற்றத்தில், ஒரு குடும்பத்தை ஏற்றிச் சென்ற இரவில், ஒரு குழியில் முன் சக்கரம் விழுந்து வளையம் விரிந்தது. காற்று முழுவதும் போயிற்று. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவின் உள்பக்கம் என்பதால் வண்டி மலையோரம் நின்றது, எவருக்கும் காயமில்லை. இரும்பு வளையம் கோணினால் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் விரிந்தால் விரிந்ததுதான். ஸ்டெப்னியோ பழைய பதினான்கு அங்குலம்! ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்ஸும் போட்டதுபோல வண்டி ஊர் வந்து சேர்ந்தது.

இதனால் அழகே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சக்கரம் சிறுத்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி தெரியும் கார், தொளதொளத்த சட்டை அணிந்தவரைப் போல இருக்கும் என்பதை நானும் உணர்கிறேன். ஆனால் 2014 வரை வந்துகொண்டிருந்த அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். பதினைந்து அங்குலச் சக்கரம், அதைச் சுற்றித் தடித்த டயர். குண்டுங்குழியுமான சாலைக்குப் பொருந்திய அந்தக் காலை அவலட்சணம் என்று எவரும் சொன்னதில்லை. இடனறிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் தேரையும் கப்பலையும் எதிரெதிரே நிறுத்தியது எதற்காக என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடுபவர் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளட்டும். வெளி விட்டம் மாறாமலும் எடை கூடாமலும் பார்த்துக்கொண்டால் போதும். வெளி விட்டம் மூன்று விழுக்காடு கூடினால், முள் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்திரண்டில் போகும். ஏற்றத்தில் இழுவையும் அதே அளவு குறையும்.

மாமாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினேன். 'எழுதியதெல்லாம் சரிதான், கடன் யார் கட்டுவது?' என்றார். மீதி மூன்று அலாய் சக்கரங்கள் விலைக்கு இருக்கின்றன. தேவைப்படும் நண்பர்கள் சொல்லி அனுப்பலாம். ஆனால் வாங்குமுன் தராசில் ஒருமுறை வைத்துக் காட்டச் சொல்வேன்.