மழைக்காலத்தில் ஒரு மஞ்சள் விளக்கு



திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவை உங்களில் பலர் நன்கறிவீர்கள். திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்படுத்திய அச்சந்தையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கடை வைத்துப் பிழைத்து வருகின்றனர். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் தண்ணீர் தேங்கும். 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் கால்வாய்களைச் சீர்செய்தார்கள். ஆயினும் பெருமழைக்கு அப்பகுதி இன்றும் தப்பவில்லை. அந்தத் தண்ணீரில் காரை ஓட்டி வெளியே வந்ததும், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிவதைக் காண்கிறீர்கள். ஒரு கார், அதன் பின்னே இரண்டு வளைந்த கோடுகள். மறுநாள் பிள்ளைகளோடு நாகர்கோவிலுக்குப் புறப்பட வேண்டும். என்ன செய்வது?

முதலில் அந்த விளக்கு மின்னுகிறதா, அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். ஈரச் சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் சில விநாடிகள் மின்னினால் அது கோளாறன்று. டிராக்ஷன் கன்ட்ரோல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். அணையாமல் எரிந்தால்தான் விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அதே படம் போட்ட பொத்தான் ஒன்று டேஷ்போர்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். கார் துடைக்கும் பையனோ, முன் இருக்கையில் அமர்ந்த குழந்தையோ அதை அழுத்தியிருக்கக்கூடும். நான் அறிந்தவரையில் இப்படி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, பொத்தானை அழுத்தியவுடன் வெட்கத்தோடு திரும்பிப் போனவர்கள் சிலர் உண்டு!

இது வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால் அச்சம் பாதி குறையும். நான்கு சக்கரங்களின் அருகிலும் வேகத்தை அளக்கும் சென்சார் ஒவ்வொன்று உண்டு. இன்ஜின் சுழற்றும் சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட விரைவாகச் சுழன்றால், அது வழுக்குகிறதென்று கம்ப்யூட்டர் தீர்மானித்து, அச்சக்கரத்திற்குச் சற்று பிரேக் கொடுக்கிறது, அல்லது இன்ஜின் விசையைக் குறைக்கிறது. ஏபிஎஸ் பிரேக்கும் இதே சென்சார்களைத்தான் நம்பியிருக்கிறது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் வந்தது. 1995-இல் வண்டி பக்கவாட்டில் சறுக்குவதையும் தடுக்கும் இஎஸ்பி வந்தது. 1997-இல் ஸ்வீடன் தேசத்துப் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தபின், அந்நிறுவனம் அந்தச் சிறிய காருக்கும் இஎஸ்பியைப் பொருத்திக் கொடுக்க நேர்ந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஆகையால் இந்த மஞ்சள் விளக்குகள் இனி பணக்காரர் வீட்டு விஷயமாக இரா.

ஒரே சென்சார்களை இரண்டும் பகிர்ந்துகொள்வதினால், ஒரு சென்சார் பழுதானால் ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரிவது வழக்கம். இரண்டும் மஞ்சளாய் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். மெதுவாக, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு ஓட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, ஹேண்ட்பிரேக் இறக்கியிருந்தும் பிரேக் ஆயில் சரியாயிருந்தும் அது அணையாவிட்டாலோ, தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் சாலையில் அது சோதித்துப் பார்க்கத்தக்க காரியமன்று. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது.

இன்ஜின் விளக்கு சேர்ந்து எரிந்தால் இன்ஜினையே முதலில் கவனியுங்கள். இன்ஜினில் கோளாறு கண்டால் பல கார்கள் டிராக்ஷன் கன்ட்ரோலைத் தாமாகவே நிறுத்திவிடும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் இவ்விளக்குகள் கூட்டமாய் எரியும். நல்ல பேட்டரி ஓய்விலிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். நான்கு டயர்களின் காற்றையும் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் வேறு அளவு டயர் மாட்டினால் அதன் சுழற்சி மாறுபடும், கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். இவையெல்லாம் காசு செலவில்லாத பரிசோதனைகள்.

பின்புதான் ஸ்கேனர். சந்தையில் கிடைக்கும் மலிவான கருவிகளில் பல இன்ஜின் கோடுகளை மாத்திரம் படிக்கும், ஏபிஎஸ் கோடுகளைப் படிக்காது. ஏபிஎஸ்ஸைப் படிக்கிற கருவி உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். சி0035 என்று வந்தால் பெரும்பாலும் இடது முன்சக்கர சென்சாரின் வழி. கம்பெனிக்குக் கம்பெனி எண்கள் மாறும். கோடு வந்தவுடன் சென்சாரை மாற்றிவிடுவது பெருந்தவறு. கோடு சுட்டுவது அந்த வழியை. அந்த வழியில் சென்சார் உண்டு, வயர் உண்டு, சாக்கெட் உண்டு, பேரிங்கும் உண்டு.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் சாலையின் அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னேயுள்ள சந்தில் நான்கு நாள் காரை நிறுத்தியிருந்தேன். திரும்ப எடுத்தபோது இரண்டு விளக்குகளும் எரிந்தன. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றவேண்டும் என்று பல பத்தாயிரங்கள் கேட்டார்கள். மனம் ஒப்பாமல் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரை மாட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் வைத்து, என்னை நேராக மெதுவாய் ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரங்கள் இருபது காட்டின. பின்பக்க வலது சக்கரம் பூஜ்யம். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், எலி கடித்த வயர் செப்பு தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி இருக்கிற இடத்தில் எலி இராதா? வயரை இணைத்து, ஈரம் புகாதபடி உறையிட்டுச் சுருக்கிக் கட்டினார். அரைமணி நேர வேலை.

வயர் நன்றாயிருந்தால் சாக்கெட்டைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; தண்ணீரில் ஓடிய வண்டிகளுக்கு இது மிகுதி. அதன்பின் சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்பது. அண்மையில் வீல் பேரிங் மாற்றியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இக்காலத்துப் பேரிங்குகள் பலவற்றின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் பதிந்திருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரியாது, புது சென்சார் வாங்கினாலும் விளக்கு அணையாது.

கோடை அழித்து விளக்கை அணைத்துக் கொடுப்பவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். பழுது நீங்காவிட்டால் சற்றுத் தூரத்தில் அது மறுபடியும் எரியும். பழுது நீங்கினாலும், நான்கு சென்சார்களையும் சோதித்தறிந்த பிறகே சில கார்கள் விளக்கை அணைக்கும். ஆகையால் காசு கொடுக்குமுன் மெக்கானிக்கை அருகில் அமர்த்திக்கொண்டு, கரமனை வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.