தாய்மார்களுக்கு அணில் பாடமா?

முதியோர் கல்வி என்ற பெயரில் நம் ஊர்களில் தொடங்கப்பெறும் வகுப்புகள் பலவும் பிறந்த வேகத்திலேயே மடிந்துபோகின்றன. திறப்பு விழாவன்று மதரஸா அறை நிறைந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துச் சென்று பார்த்தால் பாய்கள் சுருட்டியபடியே கிடக்கும். காரணம் கேட்டால் நிர்வாகப் பெருமக்களிடம் ஆயத்தமாக ஒரு விடையுண்டு: “நம் பெண்களுக்கு ஆர்வமில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?”

இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. குறை தாய்மார்களிடம் இல்லை. அவர்களுக்குக் கற்பிக்கப் புறப்பட்ட நம்மிடமே இருக்கிறது.

அவ்வகுப்புகளில் நடப்பதென்ன? பேரன் பேத்தி எடுத்த மூதாட்டியின் கையில் குழந்தைகளின் அரிச்சுவடியைத் திணித்து, “அ – அணில், ஆ – ஆடு” என்று கூட்டாகக் கூவச் சொல்கிறோம். மளிகைக் கடைக் கணக்கை மனத்திலேயே கூட்டிக் கழிப்பவர் அவர். சவூதியிலிருந்து வந்த பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மூன்று குமர்களைக் கரையேற்றியவர். தம் பேத்தி வயதுடைய ஆசிரியை பலகையைத் தட்டி அதட்டினால், மறுநாள் அவர் ஏன் வருவார்? வராமலிருப்பதே தன்மானமுள்ளவர் செய்யும் காரியம்.

வளர்ந்தவருக்கு வாழ்க்கை தெரியும்; எழுத்துத்தான் தெரியாது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இவ்வுண்மையின்மீதே தம் முறை முழுவதையும் கட்டினார். 1963இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளர்களுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தார். அவர் முறையில் பாடம் எழுத்திலிருந்து தொடங்குவதில்லை. கற்போரின் அன்றாட வாழ்விலுள்ள ஒரு சொல்லை எடுத்து, அதைப்பற்றி முதலில் அவர்களைப் பேசவிட்டு, பிறகே அதனை அசைகளாகப் பிரிப்பார். கட்டடத் தொழிலாளிக்கு ‘செங்கல்’ என்பதே பாடம். அதுபோல் நம் தாய்மார்களுக்கு ரேஷன் அட்டையும், பாஸ்போர்ட்டும், மருந்துச் சீட்டும், நிக்காஹ் பதிவேடும் பாடமாகலாகாதா என வினவுகிறோம்.

கேரளத்தைப் பாருங்கள். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறைத் திடலில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற அறிவிப்பைச் செய்தவர் அமைச்சரல்லர்; முதிய வயதில் எழுத்துக் கற்ற மலப்புறம் மாவட்டத்து முஸ்லிம் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா. அதே மாவட்டத்துத் திரூரங்காடியில், போலியோவால் கால்கள் முடங்கிய கே. வி. ராபியா 1990இல் தம் வீட்டிலேயே முதியோர் வகுப்பைத் தொடங்கினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கத்திலும் சான்றில்லாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் எழுந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் வராத ‘ஆர்வமின்மை’ நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதனை நம்மவர்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. ஏதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரையே மக்கள்தொகைக் கணக்கு எழுத்தறிவுடையவராகக் கொள்கிறது. ஆகவே, குர்ஆனைப் பலமுறை கத்தம் செய்த நம் தாயாரும், எழுதவும் பொருளுணரவும் இயலாவிடில், அக்கணக்கில் எழுத்தறியாதவரே. அவ்வரையறையோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அவரை ஒன்றுமறியாதவர் என்றெண்ணிப் பாடத்தைத் தொடங்குவது எத்துணை அறியாமை! ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, அதன்மேல் ஒரு குறியிட்டால் ஒலி மாறும் என்பதை அவர் ஏழு வயதிலேயே கற்றுவிட்டார். காஃப் ஜபர் ‘க’, காஃப் ஜேர் ‘கி’, காஃப் பேஷ் ‘கு’. ஸுகூன் இட்டால் ‘க்’. தமிழின் கொக்கியும் புள்ளியும் அவருக்குப் புதியவையல்ல, வடிவந்தான் புதிது. வலமிருந்து சென்ற கண் இடமிருந்து செல்லப் பழகவேண்டும், அவ்வளவே. இப்பாலத்தை நம் முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து கட்டியிருந்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதுக் குறிகள் அமைத்து அரபுத்தமிழைச் சமைத்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அதில் எழுதிய நூல்களைப் பெண்கள் வீட்டிலிருந்தே படித்து மார்க்கமறிந்தனர். அப்பாலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நடக்க, அணில் எதற்கு?

‘பெண்களுக்கு எழுத்தெதற்கு?’ என்று இன்னும் முணுமுணுக்கும் ஒரு சிலர் உளர். ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. அவர்களுக்கு இது போதும்.

வகுப்பு நேரத்தை யார் குறிக்கிறார்கள்? பெரும்பாலும் சமையலறைப் பக்கமே போகாத ஆடவர்கள்! மஃரிபுக்குப் பின் வகுப்பு வைத்தால் அடுப்படியை யார் பார்ப்பது? லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட வேளையைக் கேட்டால் தாய்மார்களே சொல்லுவார்கள். கண் மங்கியவருக்கு முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்; வாசிக்கத் தெரியவில்லை என்று நாம் நினைக்கும் பலருக்கு எழுத்தே தெரிவதில்லை. ஆசிரியை நாற்காலியை விட்டிறங்கி அதே பாயில் அமரட்டும். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதக் காட்டட்டும். கைந்நாட்டு மைப்பெட்டியை அன்றே மூடிவிடலாம்.

2022 முதல் 2027 வரைக்கென ஒன்றிய அரசு வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் பதினைந்து வயது கடந்தோருக்குத் தன்னார்வலரைக் கொண்டே கற்பிக்கிறது. நம் ஜமாஅத்துகளில் படித்த இளம் பெண்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த வகுப்பைத் திறக்கவிருக்கும் ஜமாஅத், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில், அப்பெண்களுக்கு ஒரு வாரம் பயிற்சியளிக்கட்டும்.