பழைய கடையில் ஒரு பேரம்

1951 டிசம்பரில் லண்டனின் லெஃபெவ்ர் ஓவியக் கூடத்தில் ஒரு படம் மாட்டப்பட்டது. பட்டியலில் போட்டிருந்த விலை 12,000 பவுண்டு. அதன்மேல் கண் வைத்தவர் கிளாஸ்கோ நகரக் கலைக்கூடங்களின் இயக்குநர் டாம் ஹனிமேன். அவருக்கு அந்தக் கூடம் புதிதல்ல. சுமார் பத்தாண்டுக் காலம் அந்த நிறுவனத்தில் படம் விற்றவர் அவர். இப்போது வாங்குகிறவராக வந்து நின்றார். பேரம் 8,200 பவுண்டுக்குப் படிந்தது, அதுவும் பதிப்புரிமையோடு சேர்த்து!

ஹனிமேன் முதலில் டாக்டர். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். பிறகு கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில், வைத்தியம் பார்த்தார். 1929-ல், நாற்பதை நெருங்கும் வயதில், அதை விட்டுவிட்டு ஓவிய வியாபாரத்துக்குப் போனார். உலகப் பொருளாதாரமே சரிந்த வருடம் அது. நம் வீடுகளில் ஒருவர் டாக்டர் தொழிலை உதறிவிட்டுப் படம் விற்கப் போகிறேன் என்றால் சோறு இறங்காது. அவர் போனார். 1939-ல் வியாபாரத்தையும் விட்டுவிட்டுச் சொந்த ஊரின் கலைக்கூடப் பொறுப்பை ஏற்றார்.

இப்படிப்பட்டவர்கள் இன்று வேலைக்கு விண்ணப்பித்தால், நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கேட்பது "ஏன் அதை விட்டீர்கள்?" என்றுதான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் கேட்கும் தொனி. அங்கிருந்து என்ன கற்றுக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். ஹனிமேன் விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சுவரிலேயே தொங்குகிறது. அருங்காட்சியகத்துக்குள்ளேயே உத்தியோகம் பார்த்து மேலே வந்த ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். படத்தோடு அதன் பதிப்புரிமையையும் வாங்கிப் போட வேண்டும் என்ற யோசனை கடைக்காரரின் மூளைக்குத்தான் சட்டென்று எட்டும். அஞ்சலட்டையும் அச்சுப் பிரதியுமாக அந்தப் படம் உலகமெங்கும் போய், வாங்கிய விலைக்கு மேலேயே நகரத்துக்குத் திருப்பித் தந்துவிட்டது.

படம் சால்வடோர் டாலியுடையது: 'புனித சிலுவை யோவானின் கிறிஸ்து'. உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த அதே டாலி. நாம் பார்த்துப் பழகிய பாடுபட்ட சுரூபங்களில் இயேசுவை அண்ணாந்து பார்ப்போம்; இங்கே மேலிருந்து பார்க்கிறோம். சிலுவை இருண்ட வெளியில் முன்னோக்கிச் சாய்ந்து மிதக்கிறது. தலை கவிழ்ந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. முள்முடி இல்லை, ஆணி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கீழே, வேறொரு வெளிச்சத்தில், ஒரு அமைதியான கடற்கரை: டாலியின் வீடு இருந்த போர்ட் யிகாட் குடா. படகு, மீனவர்கள். மேலே நடப்பதைப் பற்றி அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று சொல்ல முடியாது. கனவில்தான் இப்படி இரண்டு உலகங்கள் ஒட்டுப் போடாமல் ஒட்டி நிற்கும்.

அந்தக் கோணம் டாலியின் கண்டுபிடிப்பு அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவி சிலுவை யோவான் வரைந்த ஒரு சின்னஞ்சிறு கோட்டுச்சித்திரம் ஸ்பெயினின் ஆவிலா நகரில் இருக்கிறது; மூலம் அதுதான். அதற்குத் தசையும் எடையும் கொடுக்க ரஸ்ஸல் சாண்டர்ஸ் என்ற ஹாலிவுட் சண்டைக்காட்சி நடிகரை உயரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார் டாலி. கைகள் இழுபடும் விதம், தோள்பட்டையில் விழும் நிழல் எல்லாம் அப்படி வந்தவை. தியானத்தில் பிறந்த கோடு ஒன்று, சினிமா ஸ்டண்ட் கலைஞரின் உடல் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு பக்திப் படம். சர்ரியலிசம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. ஆனால் டாலியை அந்த இயக்கத்தினர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளியேற்றிவிட்டிருந்தார்கள். அவரும் ஒரு வகையில் இடம் மாறியவர்தான். 1949-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதரைச் சந்தித்தார், 1951-ல் ஆன்மிக அறிக்கை ஒன்றை வெளியிட்டார். மீசைக்காரரின் புது விளம்பரம் இது என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். அந்தச் சந்தேகம் நியாயமானது. படத்துக்கு முன்னால் நிற்கும்போது அது நினைவில் தங்குவதில்லை, அவ்வளவுதான்.

கிளாஸ்கோ சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. நகரத்தின் கலைக் கல்லூரி மாணவர்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள்: இந்தப் பணத்தில் உள்ளூர் ஓவியர்களுக்குக் காட்சியிடம் அமைத்திருக்கலாமே என்று. 1952-ல் பிரிட்டனில் இன்னும் சர்க்கரையும் இறைச்சியும் ரேஷனில் கிடைத்த காலம். எட்டாயிரம் பவுண்டு யார் வயிற்றையும் எரியச் செய்யும் தொகை. மாணவர்கள் கேட்டதில் தப்பில்லை; உள்ளூர்க் கலைஞருக்கு இடம் வேண்டும் என்பது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பொருந்தும் கோரிக்கை. தப்பு, ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது என்ற கணக்கில் இருந்தது.

ஜூன் மாதம் கெல்விங்ரோவ் கலைக்கூடத்தில் படம் மாட்டப்பட்டது. ஆண்கள் அந்த அறைக்குள் நுழைந்ததும் தாமாகத் தொப்பியைக் கழற்றினார்கள், கூச்சலிட்டு வந்த பள்ளிப் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள் என்று ஹனிமேன் குறித்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி இல்லை. 1961-ல் பார்வையாளர் ஒருவர் கல்லால் தாக்கித் துணியைக் கிழித்தார். கலைக்கூடத்தின் பராமரிப்பாளர்கள் பொறுமையாகச் சேர்த்துச் சரிசெய்தார்கள். 2005-ல் 'ஹெரால்டு' நாளிதழ் நடத்திய வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் மனம் கவர்ந்த ஓவியமாக வந்தது இதே படம்.

ஹனிமேன் 1954-ல் அந்தப் பதவியிலிருந்தும் விலகினார். அதற்குள் கப்பல் அதிபர் வில்லியம் பர்ரல் சேர்த்த பெருந்தொகுப்பை நகரத்துக்குக் கொடையாகப் பெற்றுத் தந்திருந்தார், சிட்டிசன்ஸ் நாடக அரங்கு தொடங்கவும் உதவியிருந்தார். தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பில் கலையோடு துணிச்சலும் இருந்தது.

1929-ல் அவர் போய்ச் சேர்ந்த வியாபார நிறுவனத்தின் வேர், அலெக்சாண்டர் ரீட் என்ற கிளாஸ்கோக்காரரின் கடை. ரீட் இளமையில் பாரிசில் வான்கோ சகோதரர்களோடு ஒரே வீட்டில் தங்கியவர். வான்கோ 1887-ல் அவரை வரைந்தார். இருவருக்கும் முகச்சாயல் ஒன்றாக இருந்ததால், வெகுகாலம் அதை வான்கோவின் தன்னுருவப் படம் என்றே நினைத்திருந்தார்கள். 1974-ல் அந்தப் படத்தையும் கிளாஸ்கோ வாங்கியது. கடை முதலாளியின் முகமும் லெஃபெவ்ர் கூடத்தில் கண் வைத்து வாங்கிய கிறிஸ்துவும் ஒரே நகரத்தின் சொத்தானபோது ஹனிமேன் இல்லை. மூன்று வருடம் முன்பே காலமாகிவிட்டார்.