கும்மிக்கு ஃபீஸ்

சனிக்கிழமை மதியம் வல்லத்திராக்கோட்டையில் டவுன் பஸ் ஏறினால் எனக்கும் அண்ணன் மகளுக்கும் காசில்லை. 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். புதுக்கோட்டையில் இறங்கி, ஒரு உரக்கடைக்கு மேலே இருக்கும் டான்ஸ் கிளாஸுக்குப் படியேறும்போதுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். போர்டில் எல்லாம் இருக்கிறது: பரதம், வெஸ்டர்ன், ஃபோக், காலை ஆறு மணிக்கு லேடீஸ் ஜும்பா. ஐந்து முதல் எட்டு வயது வரை ஒரு பேட்ச், ஒன்பது முதல் பதினான்கு வரை இன்னொன்று. அதற்கு மேலும் ஒரு பேட்ச் உண்டு, ஆள்தான் குறைவு. வயசுக்கு வந்ததும் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்று ஃபீஸ் ரசீது எழுதும் பெண் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான்.

சேர்க்கப் போன அன்று, "பாப்பா என்ன ஸ்டைல்?" என்றார் மாஸ்டர். பாப்பாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஃபோக்கில் இருப்பதால் இவளும் ஃபோக்.

"அதுல என்னென்ன தம்பி சொல்லித் தருவீங்க?"

"கரகம், ஒயிலாட்டம், கோலாட்டம்... கும்மி."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை அப்படியே நிறுத்தினாள். "கும்மிக்கு ஃபீஸா?" அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக்கு இந்தச் செய்தி போய்விட்டது.

வாரம் ஒன்றரை மணி நேரம் அங்கே பெஞ்சில் உட்காருவது என் வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் டீச்சர் மனையில் தட்டுக்கழியைத் தட்டி "தையா தை" என்பார். அந்தப் பக்கம் மாஸ்டர் "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்பார். சின்னப் பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போடும்போது, தடுப்புக்கு அந்தப் பக்கத்து சினிமாப் பாட்டின் தாளம் காலுக்குள் நுழைந்துவிடும். முதல் காலத்தில் சமாளித்துவிடுவார்கள். மூன்றாம் காலம் வந்தால் பாதிப் பேர் பாட்டோடு போய்விடுவார்கள். டீச்சர் கோபப்படுவதில்லை. தட்டுகிற தட்டுதான் கொஞ்சம் பலமாக விழும்.

பரதம் என்ற பெயர் அந்த ஆட்டத்துக்கு ஒட்டி இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. 1930-கள் வரை அதைச் சதிர் என்றார்கள். 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய பிறகு, ஆடக்கூடாது என்றிருந்த வீட்டுப் பெண்கள் ஆடினார்கள். பரம்பரையாக ஆடிய வீட்டுப் பெண்கள் மெல்ல மேடையை விட்டு ஒதுங்கினார்கள். இந்தக் கதையின் இரண்டு முனையும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கு எதிராக மகள் போராடினார், 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. விராலிமலை முருகன் கோயிலில் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், அங்கிருந்த 32 பேரில் ஒருவர். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சட்டமும் சரி, பத்மஸ்ரீயும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'ஆடுறவ' என்ற சொல் மட்டும் இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதினான்கு வயதுக்கு மேல் பேட்சில் ஆள் குறைவாக இருப்பது அந்தச் சொல்லால்தான்.

முத்துக்கண்ணம்மாள் ஆடும் வீடியோ ஒன்றை பெஞ்சில் உட்கார்ந்தபடி போனில் பார்த்தேன். அவரே பாடுகிறார், அவரே ஆடுகிறார். முகத்தில் பாவம் வரும்போது குரலும் கூடவே குழைகிறது. நிமிர்ந்து கிளாஸைப் பார்த்தபோதுதான் உறைத்தது: இங்கே ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. பரத வகுப்பிலாவது சொல்லுக்கட்டைச் சொல்ல வைக்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மூலையில் ஒரு ஸ்பீக்கர் பாடுகிறது.

ஜும்பாவைக் குறை சொல்ல முடியாது, அது பிறந்ததே கேசட்டில். கொலம்பியாவில் பெட்டோ பெரஸ் என்பவர் ஏரோபிக்ஸ் கிளாஸுக்குப் பாட்டு கேசட்டை எடுத்துவர மறந்து, கைவசம் இருந்த சல்சா, மெரெங்கே கேசட்டைப் போட்டு ஆட வைத்தார் என்பது அதன் பிறப்புக் கதை. போர்டில் அந்தக் காலை ஆறு மணி பேட்சைப் பார்த்தால் எனக்கே சேரலாமா என்று தோன்றும். ஆனால் கும்மி? அதையுமா ஸ்பீக்கர் பாட வேண்டும்?

எங்கள் பக்கம், ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று ஊர் ஊராக மது எடுப்பு நடக்கும். மது என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம். குடத்தில் நெல் நிரப்பி, மேலே தென்னம்பாளையைச் செருகி, பெண்கள் தலையில் வைத்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். குலவை காதைப் பிளக்கும். குடங்களை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, நடுவே ஓர் எட்டு. ஐந்து வயதுப் பிள்ளை அப்பத்தாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று கற்றுக்கொள்ளும். பேட்ச் கிடையாது.

இப்படி எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. பேட்ச் கிடையாது, தெரு உண்டு. நான் சின்னப் பிள்ளையாக நின்ற கும்மி வட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். காலனிப் பெண்களுக்கு வேறு வட்டம், வேறு நேரம். புருஷனை இழந்த சித்தி ஒருத்திக்கு எங்களைவிட நிறையப் பாட்டு தெரியும். அவள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. உரக்கடை மாடியில் யார் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அண்ணன் மகளுக்கு ஜோடியாக நிற்கும் சிநேகிதி காலனிப் பிள்ளை. இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குகின்றன. அதற்காக அந்த ஃபீஸை மனம் கோணாமல் கட்டுகிறேன்.

பாட்டு விஷயத்தை மட்டும் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நல்ல பையன், உடனே பிடித்துக்கொண்டார். "ஒரிஜினல் கும்மிப் பாட்டு கிடைச்சா சூப்பர்க்கா. அப்பத்தாவைக் கூட்டிட்டு வாங்க, ரெக்கார்ட் பண்ணிக்குவோம்."

போன சனிக்கிழமை அம்மா வந்தாள். சேரில் உட்கார வைத்து, முன்னால் ஸ்டாண்டில் போனைப் பொருத்தினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். அம்மா முதல் அடியைப் பாடினாள், இரண்டாவதைப் பாடினாள், மூன்றாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மூன்றாவதில் நின்றது. ஐம்பது வருஷமாகப் பாடுகிற பாட்டு. அவளுக்கே வெட்கமாகிவிட்டது. எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு தட்டுத் தட்டினாள். பாட்டு தானாக வந்தது. மூச்சு வாங்க, வளையல் குலுங்க, அந்தச் சின்ன அறையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மாஸ்டர் ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "நல்லா இருக்கு அப்பத்தா. தட்டுறது மட்டும் நாய்ஸா வருது. உட்கார்ந்தபடி இன்னொரு டேக் போலாமா?"

"கையக் கட்டிக்கிட்டு எப்புடி தம்பி பாடுறது?" என்றாள் அம்மா.