மூடிய குழியின் சூடு யாருக்கு?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதிக்கரையில் கேட்ஸ்ஹெட் என்று ஓர் ஊர். நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஊர். சுரங்கங்கள் மூடப்பட்டன, தொழிலாளி வெளியே தள்ளப்பட்டான். நீர் இறைத்த பம்புகளும் நின்றன. குழிகளில் வெள்ளம் நிரம்பிற்று. இனி அங்கே ஒன்றுமில்லை என்று கணக்கை மூடினார்கள்.

ஒன்றுமில்லையா? 2023 முதல் அந்தக் குழிநீரின் சூடுதான் நகராட்சியின் 350 வீடுகளுக்கும், ஒரு கல்லூரிக்கும், கலைக்கூடத்திற்கும் போகிறது!

150 மீட்டர் ஆழத்து நீர். அதன் வெப்பம் 15 டிகிரி. இது சூடா என்று தோழர்கள் சிரிக்கலாம். ஐஸ்பெட்டியைப் பாருங்கள். உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிப் பின்புறம் தள்ளுகிறதல்லவா? அதே வித்தைதான். வெப்பத்தைப் பிழிந்து 80 டிகிரியாக்கிக் குழாயில் விட்டு, நீரைச் சுரங்கத்திற்கே திருப்பி அனுப்புகிறார்கள். மின்சாரம் செலவாகிறது, மறைப்பானேன்? ஆனால் செலவைவிட வரவு பல மடங்கு. ஹாலந்து நாட்டின் ஹீர்லென் நகரம் 2008-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அங்கே கோடையில் கட்டடங்களைக் குளிர்விக்கவும் சுரங்க நீர் உதவுகிறது.

எங்கே துளைப்பது? அதற்குப் படம் வேண்டும். அந்தப் படத்தின் கதைதான் நம் நெஞ்சைத் தொடுகிறது.

1815-ல், டைன் நதியின் அக்கரையில், ஹீட்டன் சுரங்கம். கைவிடப்பட்ட பழைய குழியின் நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 75 பேர் மாண்டனர். அவர்களில் சிறுவர்கள் எத்தனையோ! பழைய குழி எதுவரை போகிறது என்று காட்டத் திருத்தமான படம் இல்லை. மூடும் சுரங்கத்தின் படத்தை சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் எப்போது வந்தது? 1872-ல். ஐம்பத்தேழு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை விதவைகளோ, யார் கண்டார்கள்?

அப்படிச் சேர்ந்த படங்கள்தான் இன்று துளைபோடுகிறவனுக்கு வழிகாட்டுகின்றன. 2020-ல் பிரிட்டனின் நிலவியல் ஆய்வுத்துறையும் நிலக்கரி ஆணையமும், எந்தச் சுரங்கத்தில் எந்த ஆழத்தில் எவ்வளவு வெப்பம் என்று நாடு முழுவதற்கும் படம் போட்டு வெளியிட்டன. அந்நாட்டு வீடுகளில் கால்பங்கு பழைய நிலக்கரிப் பகுதிகளின்மேல் நிற்கின்றன. 1984-ல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்ற தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஊர்கள் அவற்றில் அநேகம். 2022-ல் எரிவாயு விலை ஏறியபோது குளிரில் நடுங்கியவர்களும் அங்கே உண்டு.

இந்தச் சூடு யாருடையது? சுரங்கத்தில் துளைபோட ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனால் நிலத்தடி வெப்பத்திற்கு உடைமையாளர் யார் என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நிலக்கரிக்கு உடைமை உண்டு. அது விட்டுப்போன குழியின் சூட்டுக்கு இல்லை! இந்த இடைவெளியில் முதலில் கால் வைப்பவன் யாரோ, விலை வைப்பவனும் அவனே.

கேட்ஸ்ஹெட்டில் நகராட்சியின் சொந்தக் கம்பெனியே சூட்டை விற்கிறது. மற்ற ஊர்களில் யார் விற்பார்கள், என்ன விலைக்கு? அதை 2020-ம் ஆண்டுப் படம் காட்டவில்லை.