குழந்தைகள்மேல் பழி போடாதீர்கள்

‘புலி’ ஓடாததைக் காட்டி, குடும்பத்தோடு பார்க்கும் மாயாஜாலப் படங்களுக்கு இங்கே ஆளில்லை என்று இன்னமும் வாதிடுகிறார்கள். எனக்கு இது கோபமூட்டுகிறது.

2015இல் வந்த அந்தப் படத்தில் விஜய், ஸ்ரீதேவி, சுதீப், பிரபு எல்லோரும் இருந்தார்கள். குள்ள மனிதர்களும்கூட உண்டு. இயக்குநர் சிம்புதேவனின் கற்பனையில் அம்புலிமாமா வாசம் நிஜமாகவே வீசியது. ஆனால் குள்ளர்களின் உலகில் குழந்தை லயிக்கத் தொடங்கும்போதே நாயகனுக்கான டூயட்டும் பஞ்ச் வசனமும் குறுக்கே வந்துவிடும். சிறுவர்களுக்கா, ரசிகர் மன்றத்துக்கா என்பதைப் படம் கடைசிவரை முடிவு செய்யவில்லை.

பெரிய நடிகர் இல்லாமல் வியாபாரம் நடக்காது என்பார்கள். ஆனால் 1984இல் மலையாளத்தில் ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் 3டி படம். கதையைச் சுமந்தவர்கள் சிறுவர்கள். நட்சத்திர நாயகன் யாருமில்லை. மந்திரவாதியாகக் கொட்டாரக்கரா ஸ்ரீதரன் நாயர் என்ற தேர்ந்த நடிகர் வந்தார், பயமுறுத்தும் அளவுக்கு மட்டும். 3டி கண்ணாடிதான் கூட்டம் சேர்த்தது என்று சொல்லலாம். முதல் வாரத்துக்கு அது சரி. பிறகும் ஓட வைத்தது, குடிகார அப்பாவால் தவிக்கும் சிறுமிக்கு ஒரு சாத்தான் தோழனாவது. அது பிள்ளைக்கும் புரிந்தது, தாய்க்கும் உறைத்தது. 1998இல் ‘சோட்டா சேத்தன்’ என்று இந்திக்குப் போனபோதும் கூட்டம் வந்தது.

அடுத்த மாயாஜாலப் படம் எடுப்பவர்கள் நாயகனின் கால்ஷீட் வாங்கும் முன் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும்.